அரசாங்கமே இல்லாத நாட்டில் தடுப்பூசி போடுவது யார்? சோமாலியாவின் கதை

1/
1977 அக்டோபர். சோமாலியாவின் தென்கடற்கரையில் மெர்கா என்று ஒரு ஊர். அங்கே ஆஸ்பத்திரியில் சமையல்காரராக வேலை பார்த்தவர் அலி மாவ் மாலின். வயது 23. பெரியம்மை வந்த இரண்டு குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஒரு வண்டி அங்கே வருகிறது. டிரைவருக்கு வழி தெரியவில்லை. வழிகாட்ட இவர் ஏறிக்கொள்கிறார். சில நிமிடப் பயணம்தான்.

2/
சில நாளில் காய்ச்சல். மலேரியா என்று சிகிச்சை கொடுத்தார்கள். பிறகு உடம்பில் கொப்புளம். சின்னம்மை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். உண்மையில் அது பெரியம்மை. உலகத்திலேயே இயற்கையாகப் பெரியம்மை தொற்றிய கடைசி மனிதர் இவர்தான். ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்த்தும், வலிக்கும் என்று பயந்து தடுப்பூசி போடாமல் தப்பித்துக்கொண்டவர்!

3/
அடுத்து நடந்ததுதான் முக்கியம். ஆஸ்பத்திரியில் புது நோயாளிகளைச் சேர்ப்பதை நிறுத்தினார்கள். இவரோடு தொடர்பில் இருந்த 160க்கும் மேற்பட்டவர்களைத் தேடிப் பிடித்தார்கள். ஊருக்கு வரும் போகும் பாதைகளில் சோதனைச் சாவடி. வீடு வீடாகத் தேடல். இரண்டே வாரத்தில் 50,000 பேருக்கு மேல் தடுப்பூசி.

இவரிடமிருந்து வேறு ஒருத்தருக்குக்கூடத் தொற்றவில்லை. 1980 மே மாதம் பெரியம்மை ஒழிந்தது என உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

4/
இதை ஏன் சொல்றேன்னா, இவ்வளவையும் செய்து முடித்த அதே நாட்டில் 14 வருஷம் கழித்து அரசாங்கமே இல்லை. கெட்ட அரசாங்கம், ஊழல் அரசாங்கம் என்ற கதை இல்லை. அரசாங்கமே கிடையாது. போலீஸ், கோர்ட், மத்திய வங்கி, சுகாதாரத்துறை எதுவும் கிடையாது.

அப்புறம் அந்த மக்கள் எப்படி வாழ்ந்தாங்க? "அரசாங்கமே இல்லாட்டி நிம்மதியா இருக்கலாம்" என்று கோபத்தில் நாம் சொல்வோமே, அது உண்மையா? கொஞ்சம் பெரிய இழை. பொறுமையா படிங்க.

5/
முதலில் ஒரு தவறான எண்ணத்தைச் சரி செய்துவிடலாம். "பல இனம், பல மொழி, பல மதம், அதான் அடிச்சுக்கிட்டாங்க" என்று நினைப்போம். சோமாலியா அப்படி இல்லை. கிட்டத்தட்ட எல்லோரும் பேசுவது சோமாலி. கிட்டத்தட்ட எல்லோரும் சன்னி முஸ்லிம்கள். ஆப்பிரிக்காவில் இவ்வளவு ஒரேமாதிரியான மக்கள் உள்ள நாடுகள் குறைவு.

ஆனால் அங்கே குலம் என்று ஒன்று உண்டு. ஹாவியே, தாரோத், இசாக், திர், ரஹன்வெய்ன் என்று பெரிய குலங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் கிளை, கிளைக்குள் கிளை.

6/
1960 ஜூலை 1ல் பிரிட்டிஷ் பகுதியும் இத்தாலியப் பகுதியும் சேர்ந்து சுதந்திர சோமாலியா உருவானது. தேர்தல், பார்லிமென்ட் எல்லாம் இருந்தது. 1969 அக்டோபரில் ஜனாதிபதி ஷெர்மார்க்கே சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரே வாரத்தில் ராணுவத் தளபதி சியாத் பர்ரே ஆட்சியைப் பிடித்தார்.

7/
நியாயமாகச் சொன்னால், ஆரம்பத்தில் சில நல்ல காரியங்கள் நடந்தன. 1972ல் சோமாலி மொழிக்கு லத்தீன் எழுத்து முறை அதிகாரப்பூர்வமானது. 1974ல் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி எழுத்தறிவு இயக்கம் நடத்தினார்கள். பெரியம்மையை விரட்டியதும் இந்த ஆட்சிக் காலத்தில்தான்.

ஆனால் 1977-78ல் எத்தியோப்பியாவோடு ஒகாடன் போர். சோவியத் யூனியன் எத்தியோப்பியா பக்கம் சாய்ந்தது. சோமாலியா தோற்றது. அதன்பிறகு பர்ரேவின் ஒரே நோக்கம் நாற்காலியைக் காப்பாற்றுவது.

8/
குலம் பற்றிப் பேசுவதே குற்றம் என்றவர், சொந்தக் குலத்து ஆட்களை வைத்து மற்றவர்களை நசுக்கினார். உச்சகட்டம் 1988. வடக்கில் உள்ள ஹர்கெய்சா நகரத்தை அவருடைய விமானப் படையே குண்டு வீசித் தரைமட்டமாக்கியது. விமானங்கள் கிளம்பியது எங்கிருந்து தெரியுமா? அதே ஹர்கெய்சா விமான நிலையத்திலிருந்து. சொந்த ஊர், சொந்த மக்கள்.

1991 ஜனவரியில் கிளர்ச்சிக்காரர்கள் தலைநகர் மொகதிஷுவுக்குள் நுழைந்தார்கள். பர்ரே தப்பி ஓடினார்.

9/
இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த மக்களுக்கு அரசாங்கம் என்றால் கடைசி நினைவு என்ன? குண்டு போட்ட விமானம். அதனால் அரசாங்கம் போனபோது பலர் அழவில்லை. "போய்த் தொலையட்டும்" என்றுதான் இருந்தார்கள். அந்த மனநிலையைப் புரிந்துகொள்ளாமல் மற்றதைப் புரிந்துகொள்ள முடியாது.

10/
பர்ரேவை விரட்டியவர்கள் அடுத்தது யார் ஜனாதிபதி என்று அடித்துக்கொண்டார்கள். அலி மஹ்தி ஒரு பக்கம், ஜெனரல் அய்தீத் ஒரு பக்கம். இரண்டு பேரும் ஒரே ஹாவியே குலம்தான், கிளைதான் வேறு. மொகதிஷு நகரமே நடுவில் கோடு கிழித்து இரண்டாகப் பிரிந்தது.

அதன்பின் 1992 பஞ்சம். சுமார் 3 லட்சம் பேர் இறந்ததாகக் கணக்கு.

11/
இந்தப் பஞ்சம் பற்றி ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. மக்கள் அதிகம் செத்தது பாலைவனத்தில் இல்லை. ஜுபா, ஷபெல்லே என்ற இரண்டு ஆறுகளுக்கு இடைப்பட்ட பகுதியில். சோமாலியாவின் நெற்களஞ்சியம் மாதிரியான இடம் அது, சோளம் விளையும் பூமி. வறட்சி இருந்தது உண்மை. ஆனால் கொன்றது வறட்சி மட்டும் இல்லை.

அங்கே இருந்தவர்கள் ரஹன்வெய்ன் குல விவசாயிகளும் பன்ட்டு சிறுபான்மையினரும். கையில் துப்பாக்கி கிடையாது. மாறி மாறி வந்த ஆயுதக் கும்பல்கள் தானியக் குழிகளைத் தோண்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மாடுகளையும் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

12/
ஒரு டாக்டராக இன்னொன்றும் சொல்லணும். பஞ்சத்தில் குழந்தைகள் "பட்டினியால்" சாவது கடைசிக் கட்டம். அதற்கு முன்பே தட்டம்மையும் வயிற்றுப்போக்கும் கொண்டுபோய்விடும். ஊட்டச்சத்து இல்லாத உடம்பில் எதிர்ப்பு சக்தி இருக்காது. முகாமில் ஆயிரக்கணக்கானவர்கள் நெருக்கியடித்துக் கிடப்பார்கள். தடுப்பூசி போடாத ஒரு குழந்தைக்குத் தட்டம்மை வந்தால் முகாம் முழுக்கப் பரவும். பைதோவா நகரில் அதுதான் நடந்தது. சில ரூபாய் தடுப்பூசி. அதைக் குளிர்ச்சி கெடாமல் கொண்டுவந்து போட ஒரு அமைப்பு இல்லை.

13/
உலக நாடுகள் உதவிக்கு வந்தன. வந்த அரிசியும் கோதுமையும் துறைமுகத்திலேயே கொள்ளை போனது. உதவி அமைப்புகள் ஆயுதம் ஏந்திய ஆட்களைக் காவலுக்குச் சம்பளம் கொடுத்து வைக்க வேண்டிய நிலை. கணக்கில் "தொழில்நுட்ப உதவி" என்று எழுதினார்களாம். துப்பாக்கி பொருத்திய ஜீப்களுக்கு "டெக்னிக்கல்" என்று பெயர் வந்தது அதனால்தான் என்பார்கள்.

14/
1992 டிசம்பரில் அமெரிக்கப் படை இறங்கியது. பிறகு ஐநா படை. 1993 ஜூன் 5ல் 24 பாகிஸ்தான் அமைதிப்படை வீரர்கள் கொல்லப்பட்டார்கள். அக்டோபர் 3ல் அய்தீத்தின் ஆட்களைப் பிடிக்கப் போன 18 அமெரிக்க வீரர்களும் நூற்றுக்கணக்கான சோமாலியர்களும் இறந்தார்கள். ஹாலிவுட் படம் காட்டியது அந்த 18 பேரை மட்டும்தான். 1994ல் அமெரிக்கா கிளம்பியது. 1995 மார்ச்சில் ஐநா படையும் கிளம்பியது.

15/
நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. இந்திய ராணுவப் படைப்பிரிவு ஒன்று ஐநா கொடியின்கீழ் அங்கே இருந்தது. 1994 ஆகஸ்ட் கடைசியில் பைதோவாவில் ராக்கெட் குண்டு தாக்கி நம் டாக்டர்கள் மூன்று பேர் உயிரிழந்தார்கள். யாரையும் சுடப் போனவர்கள் இல்லை. வைத்தியம் பார்க்கப் போனவர்கள். அந்தப் படத்தைப் பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு இவர்களைத் தெரியும்?

16/
சரி, எல்லோரும் போய்விட்டார்கள். இனிமேல்தான் ஆச்சரியமான பகுதி. உலகம் "முடிஞ்சது கதை" என்று திரும்பிக்கொண்ட பிறகு, சோமாலியர்கள் ஒவ்வொன்றாகத் தாங்களே கட்ட ஆரம்பித்தார்கள்.

17/
முதலில் நீதி. கோர்ட் இல்லை. ஆனால் "ஹேர்" என்ற பழைய வழக்காற்றுச் சட்டம் இருந்தது. எழுதாத சட்டம். மரத்தடியில் இரண்டு தரப்புப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசுவார்கள். ஒருவன் கொலை செய்தால் அவன் மட்டும் பொறுப்பில்லை, அவன் சேர்ந்த உறவுக் குழுவே நஷ்டஈடு கொடுக்கணும். ஆண் உயிருக்கு 100 ஒட்டகம். பெண் உயிருக்கு 50.

குழுவே கட்ட வேண்டியதால் குழுவே தன் பையன்களைக் கட்டுப்படுத்தும். ஒருவகையில் இது இன்சூரன்ஸ்.

18/
அடுத்தது பணம். மத்திய வங்கி மூடியாச்சு. ஆனால் பழைய ஷில்லிங் நோட்டு புழங்கிக்கொண்டே இருந்தது! பின்னால் யாரும் உத்தரவாதம் இல்லை, மக்கள் ஒருவரை ஒருவர் நம்பி வாங்கினார்கள். ஆயுதக் குழுத் தலைவர்களும் வியாபாரிகளும் வெளிநாட்டில் அச்சடித்துக் கொண்டுவந்து இறக்கினார்கள். பிற்காலத்தில் சர்வதேச நிதியம் பார்த்தபோது புழக்கத்தில் இருந்ததில் சுமார் 98 சதவீதம் கள்ள நோட்டு. அதையும் கொடுத்துத்தான் மக்கள் டீயும் காய்கறியும் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

19/
வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பணம் அனுப்ப ஹவாலா. லண்டனில் கட்டினால் குக்கிராமத்தில் கிடைத்துவிடும். அடையாள அட்டை ஏது? உன் அப்பா பேர், தாத்தா பேர், கிளை பேர் என்று கேட்டே ஆளை உறுதி செய்வார்கள். வருஷத்துக்கு 100 கோடி டாலருக்கு மேல் இப்படி வந்தது.

2001 நவம்பரில் தீவிரவாதத் தொடர்பு என்று சொல்லி மிகப் பெரிய நிறுவனமான அல் பரக்காத்தை அமெரிக்கா முடக்கியது. 9/11 விசாரணைக் குழுவின் ஆய்வாளர்களே பிற்பாடு வலுவான ஆதாரம் கிடைக்கவில்லை என்று எழுதினார்கள். அதற்குள் எத்தனை வீட்டில் அடுப்பு அணைந்திருக்கும்!

20/
செல்போனும் அப்படித்தான். லைசென்ஸ் கொடுக்க ஆள் இல்லை, வரி வாங்க ஆள் இல்லை. போட்டி போட்டுக்கொண்டு கம்பெனிகள் வந்தன. அழைப்புக் கட்டணம் ஆப்பிரிக்காவிலேயே குறைந்த வரிசையில் இருந்தது. கள்ள நோட்டுத் தொல்லைக்கும் தீர்வு செல்போனில் வந்தது. 2009 முதல் போனிலேயே டாலர் அனுப்பும் வசதி. நாம் ஸ்கேன் செய்து பணம் கட்ட ஆரம்பிப்பதற்குச் சில வருஷம் முன்பே!

21/
2007ல் பீட்டர் லீசன் என்ற பொருளாதார ஆய்வாளர் ஒரு கட்டுரை எழுதினார். பர்ரேவின் கடைசி வருஷங்களையும் 2000-2005 காலத்தையும் ஒப்பிட்டால், 18 அளவீடுகளில் 14 முன்னேறியிருக்கின்றன என்றார். ஆயுட்காலம், குழந்தை இறப்பு விகிதம்கூட அதில் அடக்கம். "பார்த்தீங்களா, அரசாங்கம் இல்லாமலே நல்லா இருக்காங்க" என்று பலர் இதைத் தூக்கிப் பிடித்தார்கள்.

22/
இங்கேதான் கொஞ்சம் நிதானிக்கணும். ஒப்பீடு எதோடு? சொந்த ஊர் மேல் குண்டு போட்ட ஆட்சியோடு. ஐசியூவில் கிடந்த நோயாளியைத் தவறான மருந்து கொடுத்தே கெடுத்துக்கொண்டிருக்கிறார் ஒரு டாக்டர். அவரைத் துரத்தினால் நோயாளி கொஞ்சம் தேறுவார். அதற்காக "டாக்டரே வேணாம்" என்று முடிவுக்கு வருவோமா?

அதே கட்டுரையில் கீழே இறங்கிய அளவீடுகளில் இரண்டு எவை தெரியுமா? எழுத்தறிவும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் எண்ணிக்கையும்.

23/
மரத்தடி நீதிக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. உன் பின்னால் பலமான குலம் இருந்தால் நியாயம் கிடைக்கும். இல்லாவிட்டால்? பன்ட்டு மக்களின் நிலம் பறிபோனால் 100 ஒட்டகம் வசூலித்துக் கொடுக்க யாரும் இல்லை. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்ணின் வழக்கு இரண்டு தரப்பு ஆண்கள் பேசி, பணம் கைமாறி முடிந்துவிடும். அவளை யாரும் கேட்பதில்லை.

சமூகம் தானாகவே இயங்கும், சந்தேகமில்லை. யாருக்காக இயங்கும் என்பதுதான் கேள்வி.

24/
இந்த இடத்தில் ஒரு பெண் டாக்டரைச் சொல்லாமல் போக முடியாது. ஹவா அப்தி. சோவியத் யூனியனில் படித்த மகப்பேறு மருத்துவர். 1983ல் மொகதிஷுவுக்கு வெளியே குடும்ப நிலத்தில் சின்ன கிளினிக் தொடங்கினார். போர் வந்ததும் அகதிகள் வந்து தங்கினார்கள். அது வளர்ந்து வளர்ந்து ஒரு கட்டத்தில் சுமார் 90,000 பேர்.

அங்கே இரண்டு விதிகள். குலப் பேச்சு பேசக்கூடாது. மனைவியை அடிக்கக்கூடாது. மீறி அடித்தவனை ஸ்டோர் ரூமில் அடைத்துப் பூட்டுவார்!

25/
2010 மே மாதம் ஆயுதம் ஏந்திய நூற்றுக்கணக்கானவர்கள் ஆஸ்பத்திரிக்குள் புகுந்தார்கள். ஒரு பெண் இதை நடத்தக்கூடாது, ஒப்படைத்துவிடு என்றார்கள். இவருக்கு அப்போது 60 வயதைத் தாண்டியாச்சு. மறுத்துவிட்டார். உலகம் முழுக்கக் கண்டனம் எழுந்து அவர்கள் பின்வாங்கியபோதும் விடவில்லை. எழுத்தில் மன்னிப்புக் கடிதம் கேட்டு வாங்கினார். 2020ல் மறைந்தார்.

ஒரு நாட்டின் சுகாதாரத்துறை, போலீஸ், கோர்ட் மூன்றையும் ஒரே ஆள் சுமந்த கதை இது. நெகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் எத்தனை ஊருக்கு ஒரு ஹவா அப்தி கிடைப்பார்?

26/
வெற்றிடம் நல்லவர்களுக்காக மட்டும் காத்திருக்காது. 2006ல் இஸ்லாமிய நீதிமன்றங்களின் கூட்டமைப்பு மொகதிஷுவைப் பிடித்தது. சாவடிகள் போயின, விமான நிலையம் திறந்தது, மக்கள் மூச்சுவிட்டார்கள். வருஷக் கடைசியில் எத்தியோப்பியப் படை அமெரிக்க ஆதரவோடு உள்ளே வந்து அதைக் கலைத்தது. அதிலிருந்து பிரிந்து வளர்ந்ததுதான் அல் ஷபாப். அவர்கள் வரி வாங்குவார்கள், ரசீதுகூடத் தருவார்கள். வீடு வீடாகப் போய்த் தடுப்பூசி போட மட்டும் விடமாட்டார்கள்.

27/
2009 டிசம்பர் 3. மொகதிஷுவில் ஷாமோ ஹோட்டல். பனாதிர் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்களின் பட்டமளிப்பு விழா. போருக்கு நடுவே டாக்டர்கள் சிலர் சேர்ந்து 2002ல் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. அங்கி போட்டு, பெற்றோர் பார்க்க உட்கார்ந்திருந்த பிள்ளைகள் நடுவே தற்கொலைக் குண்டு. சுகாதார அமைச்சர் கமர் ஏடன் அலி உட்பட அமைச்சர்கள், பேராசிரியர்கள், மாணவர்கள் பலியானார்கள்.

பட்டமளிப்பு நாள் எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். இதைப் படித்த அன்று தூக்கம் வரவில்லை.

28/
2011ல் மறுபடி பஞ்சம். சுமார் 2.6 லட்சம் பேர் இறந்தார்கள். பாதிக்கு மேல் 5 வயதுக்குக் கீழே. 2013 ஆகஸ்டில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 22 வருஷத்துக்குப் பிறகு நாட்டைவிட்டே வெளியேறியது. அதுவரை அவர்களுடைய ஊழியர்கள் 16 பேர் கொல்லப்பட்டிருந்தார்கள்.

29/
இதே நாட்டின் வடமேற்கு மூலையில் வேறு கதை. 1988ல் குண்டு வாங்கிய ஹர்கெய்சா பகுதி, 1991 மே மாதம் சோமாலிலாந்து என்று தனியாகப் பிரிந்தது. பெரிய ஐநா படை வரவில்லை. 1993ல் போராமா என்ற ஊரில் குலப் பெரியவர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசினார்கள். சாப்பாடு உள்ளூர் மக்கள் செலவு. முடிவில் ஒரு ஜனாதிபதி, மக்கள் சபை, அதோடு பெரியவர்களுக்கென்றே "குர்த்தி" என்ற மேலவை. ஆடு ஏற்றுமதி வரியில் அரசாங்கம் ஓடியது.

30/
2003 ஜனாதிபதித் தேர்தலில் முதலில் அறிவித்த வித்தியாசம் வெறும் 80 ஓட்டு! தோற்றவர் கட்சியிடமும் ஆயுதம் எடுக்கத் தெரிந்த ஆட்கள் இருந்தார்கள். எடுக்கவில்லை. கோர்ட்டுக்குப் போனார்கள். தீர்ப்பை ஏற்றுக்கொண்டார்கள். 2010ல் அதே ஆள் ஜெயித்து ஜனாதிபதி ஆனார்.

அங்கேயும் குறைகள் உண்டு, சண்டைகள் உண்டு. ஆனால் எட்னா ஏடன் என்ற மருத்துவச்சி தன் சேமிப்பைப் போட்டு 2002ல் ஹர்கெய்சாவில் பிரசவ ஆஸ்பத்திரி திறந்தபோது, அதைக் காக்க அவர் துப்பாக்கி ஆட்களைக் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. அமைதி என்றால் இதுதான்.

31/
அப்போ என்ன புரியுது? சோமாலியர்களுக்கு ஒழுங்கு தெரியாது என்பது பொய். கோர்ட், வங்கி, போன், ஆஸ்பத்திரி எல்லாம் அரசாங்கம் இல்லாமலே கட்டிக் காட்டினார்கள். ஆனால் குலத்தைத் தாண்டிய சில வேலைகள் உண்டு. குலமே இல்லாதவனுக்கும் நியாயம். காசு இல்லாதவள் பிள்ளைக்கும் தடுப்பூசி. கிருமி குலம் பார்த்து வருவதில்லை, அதைத் தடுக்கிறவனும் குலம் பார்க்கக்கூடாது. அந்த "எல்லோருக்கும்" என்ற ஒரு சொல்லுக்காகத்தான் அரசாங்கம்.

அந்தச் சொல்லை மறந்து ஒரு பக்கத்துக்கு மட்டும் அரசாங்கம் நடந்தால், பர்ரேவுடையது விழுந்த மாதிரி விழும்.

32/
2012ல் மொகதிஷுவில் மறுபடி ஒரு மத்திய அரசு அமைந்தது. இன்றும் அதன் கை எட்டாத கிராமங்கள் நிறைய.

கடைசியாக அந்தச் சமையல்காரர். அலி மாவ் மாலின் பிழைத்துக்கொண்டார். "தடுப்பூசிக்குப் பயந்து நான் செய்த தப்பை நீங்க செய்யாதீங்க" என்ற செய்தியோடு போலியோ சொட்டு மருந்துப் பணியில் சேர்ந்தார். ஆயுதக் குழுக்கள் மாறி மாறி ஆண்ட ஊர்களில், தன் கதையைச் சொல்லிச் சொல்லித் தாய்மார்களைச் சம்மதிக்க வைத்தார்.

33/
2013ல் சோமாலியாவுக்குள் போலியோ திரும்ப வந்தது. 190க்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். மாலின் மறுபடி களத்தில் இறங்கினார். அந்தப் பணியின்போதே காய்ச்சல் வந்து ஜூலை மாதம் இறந்துபோனார். இந்தமுறை நிஜமாகவே மலேரியா.

1977ல் அவர் ஒருவருக்காக ஒரு ஊரே திரண்டது. அவர் அந்தக் கடனை 36 வருஷம் கழித்தும் அடைத்துக்கொண்டிருந்தார்.

உங்க வீட்டுப் பிள்ளைக்கு அடுத்த தடுப்பூசி என்றைக்கு? அட்டையை எடுத்து ஒருமுறை பார்த்துடுங்க.